வழுக்கியது எது?

நீராவி ரயிலை நேசிக்கிறவர்களின் பேஸ்புக் குழு ஒன்றில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓட்டுகிற ரயில்தான். கரியும் பொய், புகையும் பொய். ஆனாலும் வட்டவளைக்கு மேலே உள்ள ஏற்றத்தில், மழை நாளில், ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிற்காமல் ஏறுகிறவர்கள் அந்தக் குழுவில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் நான் ஒருத்தி. ஒருத்தி என்பது அவர்களுக்குத் தெரியாது. என் முகத்துக்குப் பதிலாக ஒரு என்ஜின் சக்கரத்தைப் போட்டு வைத்திருப்பதால் எல்லோரும் "மச்சான்" என்று கூப்பிடுகிறார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

நீராவிக் காலம் பொற்காலம் என்று வாரத்துக்கு ஒருவராவது அங்கே எழுதுவார். அந்தப் பொற்காலத்தில் எங்கள் ஆட்கள் எந்தப் பெட்டியில் ஏற்றப்பட்டுத் தேயிலைத் தோட்ட வேலைக்கு மலைக்கு வந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் அரிக்கும். கேட்பதில்லை. ஒரு லைக்கைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தவருக்கு போட்டோ கொப்பி அடித்துக் கொடுக்கப் போய்விடுவேன்.

உண்மையில் எனக்கு அந்த என்ஜினைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. அதன் கறுப்பு, அதன் பளபளப்பு, அதைப் பார்த்ததும் மற்றவர்கள் முகத்தில் வருகிற குழந்தைச் சிரிப்பு, எல்லாம் எரிச்சல். இருந்தும் மழை பிடித்துக் கடைக்கு ஆள் வராத பின்னேரங்களில் எல்லாம் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் காலில் ஒரு சோடி செருப்பை மாட்டுவதற்காக அதைச் செய்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் கடைசியில் விஷயம் அதில்தான் வந்து நின்றது.

எங்கள் தோட்டத்தை ரயில் பாதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. பாதைக்கு மேலே மேக்கணக்கு, கீழே கீக்கணக்கு. கணக்கு என்றால் மற்றவர்களுக்கு வரவு செலவு, எங்களுக்குத் தோட்டத்தின் பிரிவு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளான எங்கள் லயம் கீக்கணக்கில் இருந்தது. அந்தக் காலத்தில் நல்ல கொழுந்து மேக்கணக்கில் இருந்தது. வேலை முடிந்து தோட்டத்து ரோட்டில் வந்தால் மலையை முழுக்கச் சுற்ற வேண்டும். தண்டவாளத்தில் வந்தால் ஒரு வளைவைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அடுப்பு அணைவதற்குள் வீட்டில் இருக்கலாம். தண்டவாளத்தில் நடக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். கங்காணி அதில்தான் நடப்பார். மோட்டார் சைக்கிள் மக்கர் செய்தால் கங்காணிக்கு மேலே உள்ள கண்டாக்கும் அதில்தான் நடப்பார். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் நடுத் தண்டவாளத்தில் கையை விரித்துக்கொண்டு நின்று படம் எடுக்கிறார்கள். அதற்குச் சுற்றுலா என்று பெயர்.

ரயிலை நாங்கள் கோச்சி என்போம். ஹட்டன் பக்கம் ஏறுவது மேக்கோச்சி, கொழும்புப் பக்கம் இறங்குவது கீக்கோச்சி. பயப்பட வேண்டியது கீக்கோச்சிக்கு. ஏறுகிறது முக்கி முனகிக்கொண்டு வருவது அடுத்த மலையிலேயே கேட்கும். இறங்குகிறது சும்மா உருண்டு வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். ஒற்றைப் பாதை என்பதால், மேக்கோச்சி ஒன்று எங்களைத் தாண்டிவிட்டால் அது மேலே ஸ்டேஷனைப் போய்ச் சேரும் வரை கீக்கோச்சி வர வழியில்லை. ஆகவே கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் பாதை ஓரத்தில் மேக்கோச்சிக்காக நிற்பார்கள். அது தாண்டியதும் யாராவது ஒருத்தர் குரல் கொடுப்பார்.

"மேக்கோச்சி போயிருச்சு, எறங்குங்க."

எங்களுக்கு அதுதான் பச்சை விளக்கு. யார் எப்போது கண்டுபிடித்த முறை என்று தெரியாது, அது ஒருநாளும் பிழைத்ததில்லை. மேலே போன கோச்சி திரும்பிக் கீழே வரும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் அது. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா மேக்கணக்கில் கொழுந்து எடுத்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். வாய் நீளம், சோம்பேறித்தனம் கொஞ்சம், மழையில் வேலைக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி வரும். அன்றைக்கும் வந்தது. அம்மா விடவில்லை. நீல நிற றப்பர் சீட்டைத் தலையோடு போர்த்தி, தீபாவளிக்கு அம்மா ஹட்டனில் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைக் காலில் மாட்டி, முணுமுணுத்துக்கொண்டே போனாள். செருப்பு ஒரு சைஸ் பெரிது. கடையில் அந்த நிறத்தில் அதுதான் இருந்தது, அந்த நிறம்தான் வேண்டும் என்று நின்றவள் அக்கா.

பின்னேரம் மழையும் மூடுபனியுமாக இருந்தது. வழக்கமான டீசல் கோச்சிக்கு முன்னால் அன்று நீராவிக் கோச்சி ஒன்று வந்தது. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு எப்போதாவது வருகிற கோச்சி. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு ஓடினார்கள். நான் புத்தகத்தோடு உள்ளேயே இருந்தேன். குப், குப் என்று அது எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போவது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் திடீரென்று கெட்டது. மாவு மில்லில் பெல்ட் கழன்ற மாதிரி படபடவென்று ஒரே மூச்சாக ஓடி, அடங்கி, மறுபடி ஓடி, நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

கோச்சி ஏற முடியாமல் வளைவுக்கு அப்பால் நின்றிருக்கிறது. நின்ற கோச்சியைப் பின்னால் விட்டு, சமதரைக்குக் கொண்டுபோய், மறுபடி வேகம் பிடித்து ஏற்றுவது அவர்களுடைய முறை. அது எங்களுக்குத் தெரியாது. மேக்கோச்சி போயிருச்சு என்று குரல் கொடுத்து, எங்கள் லயத்து அத்தை ஒருவர் முன்னால் நடந்திருக்கிறார். அக்கா பின்னால். அத்தை ஒற்றையடிப் பாதையில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அக்கா வந்த இடத்தில் மூடுபனிக்குள் கோச்சியின் கடைசிப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியில் இருந்த கார்ட் கத்தினாராம், பிரேக்கைப் பிடித்தாராம். நீலமாக ஏதோ தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அவரும் சொன்னார்.

நாங்கள் ஓடிப் போனபோது ஜன்னல் வழியாகச் சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எப்போது கிளம்பும் என்று ஒருவர் இறங்கி வந்து கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, டிக்கட் எடுத்தவர்.

மறுநாள் பொலிஸில் என்ஜின் டிரைவரைப் பார்த்தேன். பென்ஷனுக்குக் கிட்டிய வயது. தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். சிங்களவர். அம்மாவைக் கண்டதும் எழுந்து கிட்டே வந்து, "லிஸ்ஸுவா, அம்மே. லிஸ்ஸுவா" என்றார். வேறு ஒன்றும் வரவில்லை அவருக்கு. தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு விளக்கினார்.

"வழுக்கிட்டாளாம்மா. ஒங்க மக கோச்சியக் கண்டு வெலகப் பாத்து, வழுக்கி விழுந்துட்டாளாம்."

அம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "செருப்பு போட்டிருந்தாளா சார்?"

"ஒரு செருப்புதான் கெடைச்சிருக்கு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அனுமதியில்லாத இடத்தில் நடந்தது, வழுக்கி விழுந்தது என்று அக்காவின் கதை முடிந்தது. லயத்திலும் அதே பேச்சுதான். புதுச் செருப்பு, ஈரத் தண்டவாளக் கட்டை, வழுக்காமல் என்ன செய்யும் என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னவர்கள்தான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அதோடு அம்மா செருப்பு போடுவதை விட்டாள். கோயிலுக்குக் கழற்றுவது போல ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரேயடியாக. வெறுங்காலோடு மலைக்குப் போனாள், அட்டைக் கடியோடு வந்தாள். நான் பரீட்சை எழுதி, இரண்டு இடத்தில் வேலை பார்த்து, வட்டவளையில் இந்த கொமியுனிகேஷன் கடையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். பிறகு அம்மாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், வந்தது. போன மாரி மழையில் பெருவிரலில் ஒரு அட்டைக் கடி புண்ணாகி ஆறாமலே இருந்தது. இனிமேல் வெறுங்காலோடு நடந்தால் விரலை எடுக்க வேண்டி வரும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் டாக்டர் கொடுத்த மருந்தை மடியில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.

"போடும்மா, வெரல எடுத்துருவாங்க" என்றேன்.

"எடுக்கட்டும். எம் புள்ள உசுரே போச்சு, எனக்கு வெரலு கேக்குதா?"

கத்தினேன், அழுதேன், செருப்பைக் காலில் பிடித்து மாட்டியும் பார்த்தேன். வாசலோடு கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்பே நான் கம்ப்யூட்டரில் அந்தக் கோச்சியைக் கண்டுபிடித்திருந்தேன். யாரோ பகிர்ந்த வீடியோவில் எங்கள் வளைவு வந்தது. உண்மை வளைவு இல்லை, கம்ப்யூட்டரில் செய்தது. கொழும்பில் ஒரு சிங்கள இளைஞர் மலைநாட்டுப் பாதை முழுவதையும் அளந்து கட்டியிருந்தார். அதே என்ஜின், அதே சிவப்புப் பெட்டிகள். இறக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். அந்த டிரைவர் நின்ற இடத்தில் நின்று, அவர் பார்த்ததைப் பார்த்து, அக்கா வழுக்கி விழுந்தாள் என்று சொன்ன அவர் பொய்யர் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு என் நோக்கம் அவ்வளவுதான்.

தண்டவாளம், பாலம், சிக்னல் எல்லாம் அச்சாக இருந்தது. தேயிலையும் பாய் விரித்த மாதிரி இருந்தது. லயம் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு, கட்டடங்கள் கூடினால் கம்ப்யூட்டர் இழுபடும் என்று பாதையைக் கட்டியவர் பணிவாகப் பதில் எழுதினார். ஆட்களும் இல்லை. கொழுந்து தானாகவே நடந்து பெக்டரிக்குப் போகும் போல.

ஓட்டுவது லேசாக இல்லை. ஏற்றத்துக்கு முன்னால் சமதரையிலேயே நெருப்பை வளர்த்து, கொதிகலனுக்குத் தண்ணீர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும்போது பச்சைத் தண்ணீரை உள்ளே விட்டால் நீராவி இறங்கிப் போகும். கொதிக்கிற உலையில் செம்புத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும், அதேதான். தண்ணீர் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாயையும் ஏற்றத்தில் நம்ப முடியாது. என்ஜின் மூக்கைத் தூக்கி நிற்பதால் தண்ணீர் பின்னால் சரிந்து, இருப்பதைவிடக் கூட இருப்பதாகக் காட்டும். நீராவியைத் திறக்கிற கைப்பிடியை அவசரப்பட்டு இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மணலைத் தூவினால் பிடிக்கும். ஆனால் சுழல ஆரம்பித்த பிறகு தூவிப் பயனில்லை, இடம் தெரிந்து முன்னாலேயே தூவ வேண்டும். சுழன்றால் நீராவியை மூட வேண்டும். மூடினால் வேகம் போய்விடும், வேகம் போனால் கோச்சி நின்றுவிடும். நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓரடி ஏறுகிற பாதையில், மழையில் நின்ற கோச்சி மறுபடி கிளம்பாது.

எனக்கும் கிளம்பவில்லை. நான் எப்போதும் மழையைத்தான் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் நின்றது. நின்றதும் பின்னால் விட்டு, சமதரைக்குப் போய், மறுபடி முயன்றேன். மாதக்கணக்கில் இப்படியே போனது. டிரைவர் மேல் இருந்த ஆத்திரத்தில் அவர் எப்படி ஏறினார், எப்படி நின்றார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நின்ற பிறகு நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் விரலைப் பற்றி டாக்டர் சொன்ன வாரம். மனம் ஒரு நிலையில் இல்லை. கடையில் ஆள் இல்லை, வெளியே நல்ல மழை. ஓட்டினேன், வளைவில் நின்றது. எரிச்சலில் குழுவில் சிங்களத்தில் எழுதினேன், இன்றைக்கும் வளைவில் நின்றுவிட்டது என்று. பாதையைக் கட்டியவர் உடனே ஒரே ஒரு சொல்லில் கேட்டிருந்தார்.

"லிஸ்ஸுவாத?"

வழுக்கியதா என்று கேட்கிறார். சக்கரத்தைக் கேட்கிறார். ஆம் என்று எழுதப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது.

தமிழில் யாரும் சும்மா வழுக்க முடியாது. வழுக்கினான், வழுக்கினாள், வழுக்கியது என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் அந்த வால் கிடையாது. ஆள் வழுக்கினாலும் லிஸ்ஸுவா, மாடு வழுக்கினாலும் லிஸ்ஸுவா, சக்கரம் வழுக்கினாலும் லிஸ்ஸுவா. பொலிஸில் அந்த மனிதர் வாலில்லாமல் சொன்னதற்கு, தமிழ் தெரிந்தவர் ஒரு வாலை வைத்துக் கொடுத்தார். அந்த வால் அக்காவின் மேல் விழுந்தது, அங்கிருந்து அம்மா வாங்கிய செருப்பின் மேல் விழுந்தது.

உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எல்லாம் அவிழ்ந்து வந்தது. டிரைவர் இருந்தது கோச்சியின் மேல் முனையில். அக்கா நின்றது கீழ் முனைக்கும் பின்னால். நடுவில் ஐந்து பெட்டிகள், ஒரு வளைவு, மூடுபனி. அக்கா வழுக்கினாளா நின்றாளா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்டது, கேட்டது, கையில் உணர்ந்தது எல்லாம் ஒன்றுதான், சக்கரம் வழுக்கியது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. கொழுந்து பறிக்கிற பெண் தண்டவாளத்தில் வழுக்கி விழுந்தாள் என்றால் யாருக்கும் சிரமமில்லாத செய்தி அது.

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினேன். வளைவுக்கு முன்னால் வேண்டுமென்றே கைப்பிடியை அதிகமாக இழுத்தேன். குப், குப் என்று வந்த சத்தம் கெட்டு, படபடவென்று ஒரே மூச்சாக ஓடியது. மாவு மில்லில் பெல்ட் கழன்ற சத்தம். அதைப் பரீட்சைப் புத்தகத்தோடு லயத்துக்குள் இருந்து நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு பின்னால் விட்டேன். இத்தனை மாதமாக எத்தனையோ தடவை பின்னால் விட்டிருக்கிறேன், ஒரு தடவையும் பின்னால் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அதை அன்றுதான் அமுக்கினேன். கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்தால் மழை, மூடுபனி, ஈரமான இரண்டு தண்டவாளங்கள். கோச்சி சத்தமே போடாமல் உருண்டது. என்ஜின் பக்கம் காதை வைத்தால் கொஞ்சம் இரைச்சல், இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. திரையில் யாரும் இல்லைதான். இருந்தும் என்னால் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

டிரைவர் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. அந்த ஏற்றத்தை மழையிலும் ஏறலாம். நான் பிறகு ஏறிக் காட்டினேன், குழுவில் கை தட்டினார்கள். ஏறியிருந்தால் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் பிழையை அவரே எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார், அது அக்காவின் பிழையாக எழுதப்பட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சில நாள் எல்லோரையும் திட்டிக்கொண்டு திரிந்தேன். முதலாளிகூட என்ன தங்கச்சி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சொன்னேன். நம்பவில்லை. "கோச்சி எப்புடிடி வழுக்கும், அது என்ன மனுசனா" என்றாள். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், அவ்வளவு பாரம், வழுக்குமாம். நான் அவளைச் சமாதானப்படுத்தக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள். காட்டினால்தான் ஆகும் என்று அடுத்த கிளினிக் நாளில் கடைக்கே கூட்டி வந்தேன். வரும் வழியில் ஒரு சோடி றப்பர் செருப்பு வாங்கிப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டேன். சைஸ் சரியாகப் பார்த்து வாங்கினேன்.

அன்றும் மழை. அம்மா பிளாஸ்டிக் கதிரையில், காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு, துணி சுற்றிய காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். திரையில் தேயிலை வந்ததும் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"நம்ம மல மாதிரியே இருக்கு. லயத்தக் காணோமே."

"லயம் போடல அவங்க."

"ஏன், நாங்க இல்லாம யாரு கொழுந்து எடுக்குறா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

கோச்சியை ஏற்றினேன். வளைவுக்கு வந்ததும் பார்வையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தேன். பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. கோச்சி நகரவில்லை. படபடவென்ற அந்தச் சத்தம் கடை முழுக்க நிறைந்தது. அம்மா பிளேன்டீயைக் கீழே வைத்தாள். அவளுக்கும் அந்தச் சத்தம் தெரிந்திருக்கிறது. அன்று தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டது அது.

"இதுவா வழுக்குனது?"

"இதுதாம்மா. அந்தாளு இதத்தான் சொன்னாரு. அக்கா வழுக்கல."

"செருப்பு?"

"செருப்பும் வழுக்கல. அவரு அக்காவப் பாக்கவே இல்ல, அவரு கோச்சியோட அந்தத் தலையில இருந்தாரு. செருப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதே அணைத்திருக்கலாம், திரையில் ஓட்டம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நின்ற கோச்சி தானாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

"திரும்பி வருது" என்றாள் அம்மா.

"ம்."

"சத்தமே இல்லையே."

"எறங்கும்போது இருக்காதும்மா."

"விழவும் இல்ல, ஓடவும் இல்ல. அப்ப அவளுக்குக் கேக்கவே இல்ல."

றப்பர் சீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு மழையில் நின்றவர்களுக்குத் தெரியும், உள்ளே மழைச் சத்தம் மட்டும்தான் இருக்கும். பக்கத்து நிரையில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. நாற்பது வருஷம் அப்படி நின்ற அம்மாவுக்கு நான் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"சீட்டத் தலையில போட மாட்டேன்னுதான் நின்னா அன்னைக்கு" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தோள்லதான் போட்டிருந்தா. நான்தான் இழுத்து மூடிவிட்டேன். காதுல தண்ணி போகும், நல்லா மூடிக்கிட்டுப் போடின்னு."

"அம்மா, அதெல்லாம் இல்லம்மா."

"சரி, விடு."

கம்ப்யூட்டரை அணைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பையிலிருந்து செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தேன். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. புண் பட்ட காலை மெதுவாக நுழைத்து, மற்றக் காலையும் நுழைத்து, எழுந்து இரண்டு அடி நடந்து பார்த்தாள்.

"சைஸ் சரியா இருக்கு" என்றாள்.

நான் கடையைப் பூட்டிக் குடையை விரித்தேன். அம்மா வாசலில் நின்று காதைச் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்தாள். அதை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, குடைக்குள் வராமல், வெறுந்தலையோடு மழைக்குள் இறங்கி எனக்கு முன்னால் நடந்தாள். இப்போது செருப்பில்லாமல் அம்மா எங்கும் போவதில்லை. எந்தக் குளிரிலும் காதை மூடுவதும் இல்லை.